வடக்குச் சுவரின் மேற்குப் பாதி

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. மூன்றாவது வகுப்பறையின் வடக்குச் சுவருக்குத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். கிழக்குப் பாதி அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தது. மேற்குப் பாதி நேராக நின்றது.

2. மேற்குப் பாதியில் சாக்கட்டியால் ஒரு சரிக்குறி போட்டேன். கிழக்குப் பாதியில் மேல் நான்கு செங்கல் வரிகளைப் பிரித்துக் கட்டச் சொன்னேன்.

3. பதினொரு மணிக்கு இஞ்சினியர் ஜீப்பில் வந்தார். மேற்குப் பாதியைத் தடவிப் பார்த்து, "பிரமாதமா இருக்கே, யாரு கை இது?" என்றார். மேஸ்திரி சிரித்துக்கொண்டே, "நம்ம கைதான் சார்" என்றார்.

4. "இல்ல சார், இவங்க கட்டினது" என்று நான் சித்தாள் அக்காவைக் காட்டினேன். "இவங்களுக்குக் கொத்தனார் கூலியே போடலாம் சார்" என்றும் சொன்னேன்.

5. "தாராளமாப் போடுங்க" என்று சொல்லிவிட்டு இஞ்சினியர் ஜீப்பில் ஏறினார்.

6. மாலை ஐந்து மணி பஸ்ஸில் நான் வீட்டுக்குப் போனேன்.

7. மறுநாள் காலை அக்கா வலது கையைத் துணியால் சுற்றிக்கொண்டு வேலைக்கு வந்தார். சாரத்திலிருந்து விழுந்துவிட்டதாகச் சொன்னார்.

8. அந்தச் சுவர் அன்று நாலடி உயரம்தான். சாரம் இன்னும் கட்டவே இல்லை.

இதில் நான்காவது என்னுடைய தவறு. நான் சொன்னது உண்மைதான். பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போதும் நினைக்கவில்லை. ஆனால் யார் எதிரில், எந்த நேரத்தில், யாரைக் கேட்டுக்கொண்டு சொல்ல வேண்டும் என்பதும் அளவெடுக்க வேண்டிய விஷயம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது.

சென்னையில் இரண்டு வருஷம் கட்டட வரைபடம் படித்துவிட்டு, திருச்சியில் ஒரு தனியார் இஞ்சினியர் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மெழுகுத்துணியில் மையால் கோடு போடுவதுதான் என் வேலை. ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைப் பக்கம், ஒரு பள்ளிக்கூடத்துக்கு நான்கு வகுப்பறை கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓவர்சீயர் டைபாய்டு வந்து படுத்துவிட்டார். "ரெண்டு வாரத்துக்குப் போய் அளவு மட்டும் சரி பாத்துட்டு வாம்மா" என்று இஞ்சினியர் அனுப்பினார். இரண்டு வாரம் ஐந்து மாதமாயிற்று. சம்பளம் கோடு போடுகிறவளின் சம்பளமாகவே இருந்தது.

என் வீடு பாலக்கரையில். அப்பா பள்ளி ஆசிரியர். முதல் நாள் நான் குடையும் டேப்பும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு புறப்பட்டபோது அம்மா ஜெபமாலையை என் பைக்குள் போட்டார். "சுவத்து மேலல்லாம் ஏறாத. கீழேருந்தே பாரு" என்றார்.

"கீழேருந்தே பாத்தா சாய்வு தெரியாதும்மா."

"தெரிஞ்ச வரைக்கும் போதும்."

மெயின்கார்டு கேட்டில் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கத்தில் இறங்கி, அங்கிருந்து வடக்கே இருபது நிமிஷம் நடக்க வேண்டும். நான் போய்ச் சேரும்போது சித்தாள்கள் ஏழு பேரும் சாந்து குழைத்து முடித்திருப்பார்கள். கல்லும் சாந்தும் சுமக்கும் பெண் சித்தாள். கரண்டி பிடித்துச் சுவர் வைக்கும் ஆண் கொத்தனார். ஒவ்வொரு கொத்தனாருக்கும் ஒரு சித்தாள். கொத்தனார்கள் ஜீயபுரத்துப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள், ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் உறவு. சித்தாள்கள் எல்லோரும் மேலூர்ப் பக்கம் ஒரே சேரியிலிருந்து வருகிறவர்கள். ஏன் இப்படி இரண்டு ஊர், இரண்டு சாதி என்று அப்போது நான் கேட்கவில்லை. மணல் ஒரு குவியல், ஜல்லி ஒரு குவியல் என்று இருப்பதுபோல அதுவும் அங்கே இருந்தது.

அந்த ஏழு பேரும் என்னை இரண்டாம் நாளே தங்களோடு சேர்த்துக்கொண்டார்கள். என் குடை அவர்களுக்கு ஒரு வேடிக்கை. என் நோட்டு இன்னொரு வேடிக்கை. எதைப் பார்த்தாலும் ஒன்று, இரண்டு என்று நான் எழுதிக்கொள்வதைக் கவனித்துவிட்டு, "ஓவர்சீயரம்மா, மோர்ல எத்தன கருவேப்பிலைன்னு எழுதிட்டீங்களா?" என்பார்கள். அவர்களில் இளையவள் ஒருநாள் தூக்குக்குண்டு விடும்போது பக்கத்தில் வந்து நின்று கேட்டாள்.

"ஏம்மா, உங்களுக்கு மாப்பிள்ள பாக்க வந்தா அவருக்கும் குண்டு வுட்டுப் பாப்பீங்களா?"

"கண்டிப்பா."

"சாஞ்சிருந்தா?"

"நாலு வரி பிரிச்சுக் கட்டச் சொல்லுவேன்."

சாந்துச் சட்டியைத் தலையிலிருந்து இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு நான் யாரைப் பற்றி எதைச் சொன்னாலும், "எத்தன வரி பிரிக்கணும்?" என்பதுதான் அவர்களுடைய கேள்வி.

அக்கா அவர்களில் நடுவயது. முப்பத்தைந்து இருக்கலாம். அவருக்கே தெரியாது. அவரை எல்லோரும் "ஏ, இந்தா" என்று கூப்பிட்டார்கள். நான் அக்கா என்றேன். முதல் தடவை திரும்பிப் பார்த்து, பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார். இங்கும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அவர் மேஸ்திரிக்குச் சித்தாள். மேஸ்திரியும் கொத்தனார்தான், அவருக்கென்று சுவரில் ஒரு பங்கு உண்டு. ஆனால் ஆட்களை ஏவுவது, செங்கல் வண்டிக்காரனோடு சண்டை போடுவது, இஞ்சினியருக்கு இளநீர் வாங்கி வருவது என்று அவர் சுவர்ப் பக்கம் நிற்பதே அபூர்வம். அந்தப் பங்கு எப்படி ஏறுகிறது என்று முதல் வாரம் எனக்குப் புரியவில்லை. இரண்டாவது வாரம் ஒரு மத்தியானம் பார்த்தேன்.

அது சிமென்ட்டுக்குப் பெர்மிட் வாங்க வேண்டிய காலம். ஒரு மூட்டைக்கு ஆபீசுக்கும் தாலுகாவுக்கும் நடக்க வேண்டும். குழைத்த சிமென்ட் சாந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது, இறுகிவிடும். கொத்தனார்கள் பன்னிரண்டரைக்குச் சாப்பிடப் போனால், சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வேப்பமரத்தடியில் ஒரு தூக்கமும் போட்டு எழுந்திருக்க இரண்டு மணியாகும். சட்டியில் மிச்சமிருக்கும் சாந்து வீணாகாமல் இருக்க அக்கா மேஸ்திரியின் கரண்டியை எடுத்துக்கொள்வார். மற்ற ஆறு பேரும் சுவருக்கு இந்தப் பக்கம், மரத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி, கல் எடுத்துக் கொடுப்பார்கள்.

வரைபடத்தில் சுவர் என்பது இரண்டு கோடு. அக்கா வேலை செய்வதைப் பார்த்த பிறகுதான் சுவர் என்றால் என்னவென்று தெரிந்தது. கல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்து ஒரு உதறு. சாந்தை வீசுவதில்லை, வைத்து ஒரு இழுப்பு. கல் உட்கார்ந்ததும் கரண்டிக் கைப்பிடியால் ஒரே தட்டு. மற்றவர்கள் இரண்டு மூன்று தட்டுவார்கள். நூல் கட்டியிருந்தும் நூலைப் பார்க்க மாட்டார்.

"நூலப் பாக்காம எப்படிக்கா?"

"பதினாறு வருசமா கீழேருந்து அண்ணாந்து பாத்துக்கிட்டே இருக்கேன்ம்மா. தலையில சட்டி இருந்தா கண்ணுக்கு வேற என்ன வேல?"

நான் நோட்டை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்தார்.

"இத எழுதாதீங்க."

நான் எழுதவில்லை. அந்த வார்த்தையைக் காப்பாற்றினேன். எழுதாமல் இருப்பதும் சொல்லாமல் இருப்பதும் வேறு வேறு என்று எனக்குள் எப்படியோ ஒரு கணக்கு இருந்திருக்கிறது.

மேஸ்திரிக்கு இது தெரியாது என்று நினைத்தேன். அதுவும் தப்பு. அவருக்கு நன்றாகத் தெரியும். தூங்கி எழுந்து வரும்போது தூரத்திலேயே தொண்டையைக் கனைப்பார். அக்கா கரண்டியைக் கழுவிச் சட்டியில் சாய்த்து வைத்துவிட்டு சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொள்வார். மேஸ்திரி வந்து, ஏறியிருக்கும் சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் கரண்டியை எடுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை கிடையாது. அவர் பங்கு ஏறிக்கொண்டிருந்தது. கொத்தனார் வேலை சித்தாள் கூலிக்கு நடந்துகொண்டிருந்தது. இதில் அவருக்கு என்ன கோபம் வரும்?

சனிக்கிழமை கூலி கொடுக்கும் முறையைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் மேஸ்திரி சாரப் பலகை ஒன்றைக் கல் அடுக்கின்மேல் போட்டு உட்காருவார். முதலில் கொத்தனார்கள். ஒரு சின்னப் பித்தளைத் தட்டில் வெற்றிலை, பாக்கு, அதன்மேல் கூலி. தட்டை நீட்டுவார், அவர்கள் எடுத்துக்கொண்டு தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எல்லோரும் வாங்கி முடித்த பிறகு சித்தாள்கள். அவர்களுக்குத் தட்டு இல்லை. முந்தானையை விரித்து நிற்க வேண்டும். மேலேயிருந்து போடுவார். கை படாமல் விழும். மண்ணில் விழுந்தால் குனிந்து பொறுக்கிக்கொள்ள வேண்டும்.

ஒரு சனிக்கிழமை நான் பஸ்ஸுக்குப் புறப்படும்போது அக்கா கூடவே கொஞ்சதூரம் நடந்து வந்தார். மணலில் விழுந்த கூலியைப் பொறுக்கியதில் அவர் விரல் நகங்களில் மண் இருந்தது.

"எனக்கு ஒரே ஒரு ஆசைம்மா" என்றார். "கூலி ஏறுதோ இல்லியோ. ஒரு சனிக்கெழம, ஒரே ஒரு சனிக்கெழம, அந்தத் தட்டுல வாங்கணும். வெத்தலையோட."

"வெத்தல போடுவீங்களா?"

"புடிக்காது. நாக்கு வெந்துரும்." சிரித்தார். "அன்னிக்கு ஒருநாளு போட்டுக்குவேன்."

இதை மனதில் வைத்துக்கொண்டுதான் இஞ்சினியரிடம் சொன்னேன். அன்று வியாழக்கிழமை. இடையில் வெள்ளி ஒரு நாள், அடுத்தது சனிக்கிழமை. ஜீப் போன பிறகு நான் பெருமையாக அக்கா பக்கம் திரும்பினேன். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. சட்டியை எடுத்துக்கொண்டு சாந்துக் குவியல் பக்கம் போய்விட்டார். மேஸ்திரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாதவர்போல நின்றார். கிழக்குப் பாதி மேஸ்திரியின் மச்சினனுடையது. இருபத்தைந்து வயதுக் கொத்தனார். என் சாக்கட்டிக் குறிக்கு எதிரில் உட்கார்ந்து தன் நான்கு வரியையும் ஒவ்வொரு கல்லாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் தலை நிமிரவில்லை. இளையவள் மட்டும் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "இன்னிக்கு நீங்க சீக்கிரம் போயிருங்கம்மா." எனக்கு ஏதோ ஆபத்து என்று அவள் பயப்படுவதாக நினைத்து, "எனக்கொன்னும் ஆகாது" என்றேன்.

எனக்கொன்றும் ஆகவில்லை.

மறுநாள் அக்காவின் கையைப் பார்த்ததும் நான் கேட்ட முதல் கேள்வி, "எந்தச் சாரம்?" என்பது. படித்த படிப்பு அப்படி. அக்கா இடது கையால் சட்டியை இழுத்துக்கொண்டார். மற்ற ஆறு பேரும் மணலைப் பார்த்தார்கள். மதியம், கொத்தனார்கள் மரத்தடிக்குப் போன பிறகு, இளையவள் சொன்னாள். நான் போன பிறகு, சாமான்களைக் கழுவும் தொட்டியடியில், அந்த மச்சினன் மட்டக்கட்டையால் அடித்திருக்கிறான். பூச்சு மட்டம் பார்க்கும் தேக்குக் கட்டை அது, ஆறடி நீளம், நல்ல கனம். கையைத் தொட்டி விளிம்பில் வைக்கச் சொல்லி அடித்திருக்கிறான்.

"வெக்கச் சொன்னானா? அக்கா வெச்சாங்களா?"

"வெக்கலன்னா எங்க தெருவுக்கு வந்திருப்பாங்கம்மா. கைய வெச்சா கையோட போச்சு."

மேஸ்திரி அங்கேதான் இருந்தாராம். தொண்டையைக் கனைத்தாராம்.

மேஸ்திரியை எனக்குப் பிடிக்கும். அதையும் எழுதியாக வேண்டும். வெயில் ஏறினால் கட்டி முடித்த அறையின் நிழலில் எனக்கு ஒரு பலகை போட்டு வைப்பார். என் டேப்பின் முனை அறுந்தபோது தானே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தார். தன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது பற்றி என்னிடம்தான் கேட்டார். அவரிடம் போய் நின்றேன்.

"என்ன மேஸ்திரி இது?"

"நீங்க படிச்சவங்கம்மா. இதெல்லாம் எங்க வீட்டு விசயம், வுட்டுருங்க."

"அவங்க உங்க வீடா?"

"எங்கிட்ட வேலைக்கு வர்றவங்க எல்லாம் எங்க வீடுதான்."

"அப்ப கூலிய ஏன் மேலேருந்து போடுறீங்க?"

அவர் கரண்டியில் ஒட்டியிருந்த சாந்தைச் சுரண்டினார். பிறகு, "அம்மா, அவ கட்டட்டும். நாலு மாசமாக் கட்டுறா. நான் ஏதாவது சொன்னனா? இதுக்கு முந்தின வேலையிலயும் கட்டினா. நீங்க அதுக்குப் பேரு வெச்சீங்க பாருங்க, அதுதான்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. என்மேல் அக்கறைகூட இருந்தது. "இவளுக்குக் கொத்தனார் கூலின்னா, நாளைக்கு மிச்ச ஆறு பேரும் கேப்பாங்க. அப்புறம் கல்லு யாரு தூக்குவா?"

என் படிப்பில் எந்தப் பாரம் எதன்மேல் இறங்குகிறது என்று கேட்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவர் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டார்.

ஆபீசுக்குப் போய் இஞ்சினியரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். நாற்காலியில் பின்னால் சாய்ந்து, "அயோக்கியப் பய" என்றார். போலீசுக்குப் போகலாமா என்றேன். "கேஸு கீஸுன்னு போனா மழைக்கு முன்னாடி கூரை போட முடியாதும்மா" என்றார். சரி, நீங்கள் சொன்ன கொத்தனார் கூலி என்றேன். அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "கைதான் முடியலங்கறியே. கை முடியாதவங்க எப்படிம்மா கொத்தனார் வேல பாப்பாங்க?"

அந்தக் கேள்வியில் ஒரு பிழையும் இல்லை என்பதுதான் என்னை உட்காரவிடவில்லை. வியாழக்கிழமை வரை அக்காவுக்குக் கொத்தனார் கூலி கிடைக்காததற்குக் காரணம் வழக்கம். வெள்ளிக்கிழமையிலிருந்து காரணம் கை. ஒரே அடியில் காரணம் மாறிவிட்டது. இனி யாரும் வழக்கத்தைச் சொல்லத் தேவையில்லை.

அக்காவிடமே போய்க் கேட்டேன், ஸ்டேஷனுக்கு வருகிறீர்களா, நானும் அப்பாவும் கூட வருகிறோம் என்று. ஒரு கையால் சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தார்.

"வந்தா? அவனக் கூட்டிட்டுப் போவாங்க. சாயங்காலம் வுட்டுருவாங்க. அடுத்த வாரம் எங்க தெரு ஆளு ஒருத்தரக்கூட எந்த மேஸ்திரியும் கூப்புட மாட்டான். நீங்க உங்க பஸ்ஸப் புடிச்சிப் போயிருவீங்க."

குத்திச் சொல்லவில்லை. பஸ் ஐந்து மணிக்கு என்பதுபோலச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எத்தன வரி பிரிக்கணும்?" என்றார். நான் அழுதுவிட்டேன். அவர் நல்ல கையால் என் தலையில் ஒரே ஒரு தட்டு தட்டினார்.

அந்தச் சனிக்கிழமை அவர் எல்லோருக்கும் கடைசியாக நின்றார். முந்தானையை விரிக்க இரண்டு கை வேண்டும். இளையவள் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

அடுத்த வாரங்களில் ஒரு காரியம் செய்தேன். ஏழு பேரிடமும் தனித்தனியாக ஒரே கேள்வியைக் கேட்டேன். நீங்கள் ஏன் கரண்டி பிடிக்கவில்லை? மூன்று பேர், பழக்கமில்லை என்றார்கள். இரண்டு பேர், ஆம்பளை வேலை என்றார்கள். இளையவள், அக்கா கையைப் பார்க்கவில்லையா என்றாள். அக்கா சிரித்தார். ஆனால் கொஞ்சநேரம் கூட உட்கார்ந்திருந்தால் எல்லோரிடமிருந்தும் ஒரே கதை வந்தது. ஒரு வாய்க்கால் மதகு வேலையில் ஒருத்தி கரண்டி எடுத்தாள். அவள் குடிசைக்கு வந்து தலைமயிரை அறுத்துப்போட்டார்கள். ஒருவர் கதையில் அவள் பெரியம்மா முறை. இன்னொருவர் கதையில் ஊர் பேர் தெரியாத யாரோ. ஜீயபுரம் என்றார் ஒருவர், தொட்டியம் என்றார் இன்னொருவர். இருபது வருஷம், முப்பது வருஷம். ஏழு பேரில் ஒருவரும் அதைக் கண்ணால் பார்த்ததில்லை. அக்காவைத் தவிர ஆறு பேரும் அதற்குக் கட்டுப்பட்டு நடந்தார்கள்.

தினமும் அடிக்க வேண்டியதில்லை என்று அப்போது புரிந்தது. ஒரு தலைமுறைக்கு ஒரு தடவை போதும். மிச்ச நாளெல்லாம் மேஸ்திரி இளநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு நல்லவராகவே இருக்கலாம். இருந்தார்.

என்னைப் பற்றியும் எழுத வேண்டும். அந்த வார்த்தையைச் சொன்னது நான். மேஸ்திரியை முதலாளி முன்னால் பொய்யராக்கியது நான். என்மேல் ஒரு கல்கூட விழவில்லை. வெள்ளிக்கிழமையும் நிழலில் எனக்குப் பலகை போட்டிருந்தது. நான் யார் பெண், எந்தத் தெரு என்பதெல்லாம் அந்தப் பலகையில் அடங்கியிருந்தது. ஆனால் ஓவர்சீயர் வேலைக்கு ஓவர்சீயர் சம்பளம் கேட்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதை அந்த மாதம் கேட்கவில்லை, அடுத்த மாதமும் கேட்கவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை. தொட்டி விளிம்பைப் பார்த்திருந்தேன், அவ்வளவுதான்.

கூரை மழைக்கு முன்பே போட்டாயிற்று. அக்காவின் கட்டு பிரித்தபோது சுட்டுவிரலும் நடுவிரலும் மடங்கவில்லை. நீட்டிக்கொண்டே இருந்தன. "எப்பவும் யாரையாவது காட்டிக்கிட்டே இருக்கு பாருங்க" என்று அந்த விரல்களை வைத்துக்கொண்டு மற்றவர்களைச் சிரிக்க வைத்தார். சட்டி சுமக்க அந்தக் கையே போதுமானதாக இருந்தது.

ஒரு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக் கிணற்றடியில் துவைக்கிற கல் மேடை இடிந்தது. அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினேன். கரண்டியை இடது கையில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"எப்பலேருந்து?"

"எங்கூட்டு அடுப்பு. அப்புறம் எங்க தெருவுல பதினோரு அடுப்பு. அடுப்பு கட்டினா யாரும் கேக்க மாட்டாங்கம்மா. அது பொம்பள வேல."

ஒன்றரை நாள் கட்டினார். ஒவ்வொரு கல்லுக்கும் இப்போது இரண்டு தட்டு. என் அம்மா முதல் நாள் காபியை அலுமினிய டம்ளரில் கொண்டுவந்தார். அந்த டம்ளர் எங்கள் வீட்டில் வெளியே மாடத்தில் தனியாக இருக்கும். ஒவ்வொரு ஞாயிறும் மாதா கோயிலுக்குப் போகிற வீடுதான் எங்களுடையது. நானும் இருபத்து மூன்று வருஷம் அந்த டம்ளரைப் பார்க்காமல் தாண்டிப் போனவள்தான். மறுநாள் நானே போய் எவர்சில்வர் டம்ளரில் கொடுத்தேன். அம்மா அந்த டம்ளரைக் கழுவும்போது கொஞ்சம் அதிகநேரம் கழுவினார். ஆனால் அடுத்த வேளை அவரே அதில் ஊற்றி எடுத்துப் போனார். கிணற்றடியில் இரண்டு பேரும் என் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இவ எல்லாரையும் குண்டு வுட்டுப் பாக்குறாளே, எங்கேருந்து மாப்பிள்ள கெடைக்கும்?" என்றார் அம்மா.

"கெடைக்கும்மா. நேரா நிக்கிறவரு எங்கியாவது ஒருத்தரு இல்லாமலா?"

மேடை முடிந்ததும் குண்டு விட்டுப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை, அவருக்குப் பிடிக்கும் என்று பார்த்தேன். பிறகு உள்ளே போய் அம்மாவின் பித்தளைத் தட்டை எடுத்து, வெற்றிலை, பாக்கு, கொத்தனார் கூலி வைத்துக் கொண்டுவந்து நீட்டினேன்.

அக்கா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கூலியை எடுத்து முடிந்துகொண்டார். ஒரு வெற்றிலையை எடுத்து, மடங்காத இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து, காம்பைக் கிள்ளிவிட்டு வாயில் போட்டார். முகத்தைச் சுளித்தார்.

"நாக்கு வெந்துருச்சு" என்றார். பிறகு தட்டை என் கையில் திருப்பிக் கொடுத்து, "உங்க மனசு தெரியுது. ஆனா இத அங்க வாங்கணும்மா. எல்லாரும் பாக்க" என்றார்.

தட்டை உள்ளே கொண்டுபோய் அம்மாவின் அலமாரியில் வைத்தேன். 

இது நடந்து ஆறு வருஷமாகிறது. இப்போது நிலைமை இது. அந்த மச்சினன் மேஸ்திரியாகிவிட்டான். பழைய மேஸ்திரியின் பெண் அந்த வகுப்பறைகளில் ஒன்றில்தான் படிக்கிறாள். நான் அதே ஆபீசில் இருக்கிறேன். ஓவர்சீயர் சம்பளத்தை மூன்றாவது வருஷம் கேட்டேன், அதில் முக்கால் பங்கு கொடுக்கிறார்கள். அக்கா வாரத்தில் ஐந்து நாள் சட்டி சுமக்கிறார். ஒரு நாள் வீடுகளுக்குள் அடுப்பு, துவைக்கிற மேடை, தண்ணீர்த் தொட்டி கட்டுகிறார். இளையவள் அவருக்குச் சாந்து எடுத்துக் கொடுக்கிறாள். சில நாள் அக்கா அவளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தெருவைப் பார்த்த சுவர் எதையும் அவர்கள் கட்டுவதில்லை. சனிக்கிழமை இன்னும் முந்தானையில்தான் வாங்குகிறார்கள். மூன்றாவது வகுப்பறையின் வடக்குச் சுவருக்குப் போன மாதம் குண்டு விட்டுப் பார்த்தேன். மேற்குப் பாதி நேராக நிற்கிறது.